நல்லதண்ணீர் மாமி

மாமியின் வாயில் 'மாட்டேன்' என்ற சொல் வராது. 'வேண்டாம்' என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதே கிடையாது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரிதான் மனே." ஆணோ பெண்ணோ, தன்னிலும் இளையவர் எல்லாரும் அவருக்கு மனேதான். நான் அடுத்த வீட்டு வளவில் தையல் மெசினோடு குந்தியிருந்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனாலோ என்னவோ, அந்த மனிசியைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பிளாஸ்டிக் சாமான் கட்டிக்கொண்டு ஒரு முஸ்லிம் அண்ணன் வருவார், நாங்கள் நானா என்போம். எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பியதும் மாமியின் வேலிப் படலையில்தான் முதல் ஹோர்ன் அடிப்பார். மாமி ஒரு வாளி வாங்குவார். அடுத்த முறை ஒரு பேசின். அதற்கடுத்த முறை மூடி போட்ட இன்னொரு வாளி. தனியாக இருக்கிற மனிசிக்கு என்னத்துக்கு இவ்வளவு வாளி? கடைசியில் அந்த நானாவுக்கே மனம் கேட்கவில்லை. "மாமி, இனி உங்களுக்கு நான் வாளி விக்க மாட்டன். உங்கட தலையில கட்டிக் கட்டி எனக்குத்தான் பாவம் சேருது" என்றார். மாமி அதற்கும், "உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரிதான்" என்று சொல்லி, அவருக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தேன்.

இன்னொரு முறை, சனிக்கிழமை பின்னேரம் ஜெபக்கூட்டத்துக்கு வரச் சொல்லி இரண்டு பெண்கள் வந்தார்கள். மாமி ஓம், வாறன் என்றார். அதே பின்னேரம் அம்மன் கோயில் வீதியைக் கூட்ட வரச் சொல்லி, கோயிலை நடத்துகிற வண்ணக்கர் ஆள் அனுப்பினார். அதற்கும் ஓம். நெற்றி நிறையத் திருநீற்றோடு போய் ஜெபக்கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, பாதியில் எழும்பி வந்து கோயில் வீதியைக் கூட்டினார். ஏன் மாமி இந்தக் கூத்து என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் மனம் நோகப்படாதுதானே" என்றார்.

அவருக்கு ஒரே மகள். வந்து கேட்ட முதல் மாப்பிள்ளைக்கே ஓம் சொல்லி, வாவிக்கு அக்கரையில் மண்டூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார். நல்ல காலம், மாப்பிள்ளை பரவாயில்லை. மகள் வரும்போதெல்லாம் தாயைப் போட்டுத் திட்டுவாள். "ஒரு தரமாவது வாயத் திறந்து ஏலா எண்டு சொல்லும்மா. சொன்னா என்ன, நாக்கு விழுந்திருமா?" மாமி சிரித்துக்கொண்டே அவளுக்கு மீன் வெட்டுவார். மாமா மீன்பிடிக்கப் போனவர், சுனாமியோடு போய்விட்டார்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒரு மணல் துண்டில்தான் நாங்கள் இருக்கிறோம். கல்லடிப் பாலம் கடந்து இந்தப் பக்கம் வந்தால் எங்கே நின்றாலும் இரண்டு பக்கமும் உப்பு. மாரியில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கும். அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். ஆழத் தோண்டினால் உவர் வரும் என்பது இங்கே நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் பேர் போனது மாமியின் கிணறு. சீமெந்து வளையக் கொட்டு இறக்கிய சின்னக் கிணறுதான், ஆனால் அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் ருசியே வேறு. சுனாமியில் எல்லாக் கிணறும் கெட்ட பிறகு முதலில் தெளிந்ததும் அதுதான். நல்லதண்ணீர் மாமி என்ற பேர் அப்படி வந்தது. மாமி சீவித்ததும் அந்தத் தண்ணீரில்தான். வாவியைப் பார்த்துச் சரிகிற மணலில் கீரைப்பாத்தி போட்டிருந்தார். விடிகிற வெள்ளாப்பில் பிடுங்கிக் கட்டி, சந்தியில் கொண்டுபோய் வைப்பார். அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

அந்த வருசம் மாரி மழை பேருக்குப் பெய்துவிட்டுப் போனது. வைகாசி பிறக்கும் முன்னமே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. வாவிக்கு அக்கரை, படுவான்கரையின் காய்ந்த வயல்களையெல்லாம் தாண்டி வருகிற மேல்காற்று. முகத்தில் பட்டால் அடுப்புக்கு முன்னால் குனிந்த மாதிரி இருக்கும். அக்கரையில் குளங்கள் வெடித்துவிட்டன, தண்ணீர் தேடி இறங்கிய மாடுகள் சேற்றில் புதைந்து செத்தன என்று வருகிறவர்கள் சொன்னார்கள். வாவி ஒடுங்கிக்கொண்டே போனது. செத்த மீன் கரை ஒதுங்கி, சோற்றுக்கு முன்னால் குந்த விடாத நாற்றம். குழாய்த்தண்ணீர் முதலில் நாள் விட்டு நாள் வந்தது, பிறகு குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. தகரத்துக்குக் கீழே இருந்து என்னால் தைக்க முடியவில்லை. வியர்வை சொட்டி ஒரு கலியாணச் சட்டைத் துணியைப் பழுதாக்கினேன். கிழவர்களும் பிள்ளைகளும் ஈரச் சாக்கை விரித்து அதில் படுத்துக் கிடந்தார்கள்.

ஒழுங்கையின் கிணறுகள் ஒவ்வொன்றாக அடி தெரிந்தன. எல்லாரும் மாமியிடம் வந்தார்கள். முதலில் குடிக்கிற தண்ணீருக்கு வந்தார்கள். பிறகு குளிக்க வந்தார்கள். பிறகு உடுப்புத் தோய்க்கவும் வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் குனிந்து போய்க் கேட்டேன்.

"குடிக்கக் குடுங்க மாமி, நான் வேணாமெண்டல்ல. உடுப்புத் தோய்க்க என்னத்துக்கு?"

"புள்ளைகள்ட உடுப்பு மனே. இந்த வெயிலுக்கு நாறும்தானே."

"அப்ப உங்கட பாத்தி?"

"மனிசருக்கே இல்லாத நேரத்தில கீரைக்கு ஊத்தினா நல்லாவா இருக்கும்? பாக்கிற ஆக்கள் என்ன சொல்வாங்க?"

பாத்திக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டார். கீரை தலை சாய்ந்தது. மாமி சந்திக்குப் போவதும் நின்றுவிட்டது. என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். கேட்கிற வேலை எல்லாம் மற்றவர்களுடையது.

ஆடியில் அந்தக் கிணறும் கீழே போய்விட்டது. வாளியைச் சரித்துச் சரித்துக் கலங்கல் தண்ணீர் அள்ளினோம். அப்போதுதான் கட்டார்த் தம்பி அந்த யோசனையைச் சொன்னான். கட்டாரில் கட்டட வேலை செய்துவிட்டு வந்தவன், எங்கள் ஒழுங்கையின் முடிவில் வீடு. கெட்டவன் இல்லை. வீட்டில் கைக்குழந்தை, பெண்சாதிக்குப் பால் காணாது, பால்மாவைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். "இன்னும் ரெண்டு கொட்டு இறக்கினா நல்ல ஊத்துக் கிடைக்கும் மாமி. செலவெல்லாம் நான் பாக்கிறன்" என்றான். கீழே போனால் உவர் என்று அவனுக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். தொண்டை காய்ந்து கிடக்கிறபோது அதெல்லாம் யாருக்கு நினைவு வருகிறது? ஒழுங்கையே அவன் பக்கம் சேர்ந்துவிட்டது.

நான் மாமியைத் தனியே பிடித்துக்கொண்டேன்.

"உங்கட கிணறு. உங்கட வளவு. ஒரு சொல்லு வேணாம் எண்டு சொல்லுங்க. நான் பக்கத்தில நிக்கிறன்."

மாமி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எல்லாரும் கேக்கிறாங்க மனே. கைப்புள்ளக்காரியும் வந்து கேக்கிறா. நான் என்னெண்டு…" என்று இழுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, போங்க மாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கிணறு தோண்ட இரண்டு பேர் வந்தார்கள். கிடந்த தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துவிட்டு, உள்ளே இறங்கி மணலை அள்ளி மேலே அனுப்பினார்கள். கொட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. வெள்ளை மணல் வந்தது, பிறகு களிமண் வந்தது, களி முடிந்து கறுப்பு மணல் வந்தது. உள்ளே நின்றவன் நிமிர்ந்து பார்த்தான். "கறுப்பு மணல் கண்டிட்டு, இனி உவர் வரப் பாக்கும். இதோட நிப்பாட்டுவமா, இறக்குவமா? வளவுக்காரர் சொல்லுங்க."

சுற்றி நின்ற அத்தனை பேரும் மாமியைப் பார்த்தார்கள். மாமியின் உதடு அசைந்ததை நான் கண்டேன். என்ன சொல்ல வந்தார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் கட்டார்த் தம்பி, "இன்னும் கொஞ்சந்தான் மாமி, கிட்ட வந்திட்டம்" என்றான்.

"உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரிதான் மனே."

தண்ணீர் வந்தது. சும்மா வரவில்லை, பொங்கிக்கொண்டு வந்தது. உள்ளே நின்றவன் இடுப்பளவு தண்ணீரில் அவசரமாக ஏறி வந்தான். பெண்கள் குரவை போட்டார்கள். யாரோ சர்க்கரை கொண்டுவந்து பங்கிட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு என் குடங்களைக் கொண்டுபோய் நிரப்பினேன். மாதக்கணக்குக்குப் பிறகு தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தேன். அன்றைக்கு மாமியின் முகத்தில் இருந்த சந்தோசத்தை என்னால் மறக்க முடியாது. ஒரு கலியாணத்தை முடித்து வைத்தவர் மாதிரி, வருகிறவர்களை எல்லாம் "அள்ளுங்க, அள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றார்.

பிறகு ஒரு நாள் சவர்க்காரம் நுரைக்கவில்லை. சவர்க்காரம்தான் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டினோம். அதற்குப் பிறகு சோறு கரித்தது. உப்புப் போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் என்று தெரிந்தபோதுதான் விளங்கியது. கிழமை முடிவதற்குள் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனது. இறைத்துப் பார்த்தார்கள், சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார்கள், அம்மனுக்குக் கும்பம் வைத்தார்கள். இறைக்க இறைக்க உவர் கூடிக்கொண்டே போனது.

ஒரே நாளில் கிணற்றடி வெறிச்சென்று போய்விட்டது. யாரும் மாமியின் படலையைத் திறக்கவில்லை. வேறு தண்ணீர் இல்லாமல் மாமி அதைக் கொண்டுபோய்ப் பாத்திக்கு ஊற்றிப் பார்த்தார். மிஞ்சியிருந்த கீரையின் இலை விளிம்பெல்லாம் கருகி, மணலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது.

அதைவிடக் கொடுமை பேச்சு. கட்டார்த் தம்பியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் செலவழித்தவன். சந்தியில் வைத்து ஒரு மனிசி, எத்தனையோ மாதம் அந்தக் கிணற்றில் துணி தோய்த்தவள், மாமியின் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"உங்கட கிணறுதானே மாமி? நீங்க ஒரு சொல்லு வேணாம் எண்டிருந்தா நாங்க மீறித் தோண்டியிருப்பமா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. மாமி என் கையைப் பிடித்து இழுத்தார். அவளைப் பார்த்து, "ஓம் மனே, சொல்லியிருக்கலாம்" என்றார். அன்றைக்குப் பிறகு மாமி கிணற்றடிப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சீவியம் தண்ணீர் ஏற்றி வருகிற பவுசரை நம்பித்தான். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய வாகனம், ஒழுங்கைக்குள் திரும்பாது. நிழல் இல்லாத சந்தியில் நிற்கும். ஹோர்ன் சத்தம் கேட்டதும் ஆளுக்கு ஆள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மாமியால் ஓட முடியாது. வந்து வரிசையில் நிற்பார். நின்றால் மட்டும் போதுமா? மற்றவர்களை முன்னால் விட்டுக்கொண்டே இருப்பார்.

"மாமி, புள்ள தனியக் கிடக்கு, நான் முந்திப் பிடிக்கட்டா?"

"ஓம் மனே, பிடி."

"மாமி, அடுப்பில சோறு."

"ஓம், ஓம், போங்க."

இரண்டு தரம் நான் அவரைப் பிடித்து எனக்கு முன்னால் நிறுத்தினேன். அடுத்த தரம் நான் டவுனில் இருந்தேன், தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தேன். அன்றைக்குப் பவுசர் உச்சி வெயிலில் வந்ததாம். மாமி எல்லாரையும் முன்னால் விட்டு விட்டு, கடைசியில் குழாயடிக்கு வந்தபோது தண்ணீர் முடிந்துவிட்டதாம். "இல்லாட்டி என்ன மனே, நாளைக்கு வரும்தானே" என்று அந்தச் சாரதிக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வெறும் வாளியோடு நடந்துபோனாராம். இதெல்லாம் பிறகு சொன்னார்கள்.

நான் பின்னேரம் திரும்பி வந்து வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். குசினி வாசலில் கிடந்தார். உடம்பைத் தொட்டால் சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. நாக்குத் தடித்து, கண் எங்கேயோ பார்த்தது. என் வீட்டில் கிடந்த தண்ணீரைத் துணியில் நனைத்து முகத்தைத் துடைத்தேன். மாமி மாமி என்று கூப்பிட்டேன். அவர் வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓம் மனே… ஓம்… பிடி… நீ பிடி." என் மனிசன் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனார். வழியிலேயே பேச்சு நின்றுவிட்டது. வெயில் அடித்து வந்த காய்ச்சல் என்றார்கள். பொழுது படுவதற்கு முன் முடிந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்தச் சூட்டில் வைத்திருக்க முடியாது, மத்தியானமே எடுக்க வேண்டும். மண்டூரிலிருந்து மகள் வந்துவிட்டாள். அழுதழுது குரல் கட்டியிருந்தது. பிரேதத்தைக் குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் கிணற்றில் அள்ளிப் பெரிய பேசினில் வைத்திருந்தார்கள். மகள் அதில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணியிலயா அம்மாவக் குளிப்பாட்டப் போறீங்க?"

பெண்கள் பேசினைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.

"ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி குடுத்தவ. அவவுக்கு ஒரு குடம் இல்லையா?"

நான் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதலில் என் வீட்டுப் பானையை அதில் கவிழ்த்தேன். பிறகு வீடு வீடாகப் போனேன். ஒருத்தி செம்பு நிறையக் கொண்டுவந்து ஊற்றினாள். ஒருத்தி அரைச் செம்போடு நின்று, "இண்டைக்குப் பவுசர் வராதெண்டு சொல்றாங்க அக்கா" என்றாள். சரி, அதை ஊற்று என்றேன். ஒரு வீட்டில் திரைச்சீலைக்குப் பின்னால் ஆள் அசைவது தெரிந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை. நான் படலையில் நின்று நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டுப் போனேன். கடைசியில் கட்டார்த் தம்பியின் வீடு. நான் குடத்தை வாசலில் இறக்கி வைத்தேன். அவன் உள்ளே போய்ச் சின்னக் கேன் ஒன்றைத் தூக்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் முழுவதையும் குடத்தில் ஊற்றினான். பெண்சாதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அந்தத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிறைந்துவிட்டது.

பெண்கள் நாலு பக்கமும் சீலை பிடித்தோம். மகள் தாயின் தலையில் எண்ணெய் வைத்து, அரப்பு வைத்து, செம்பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தலைக்கு ஊற்றினாள், முகத்தைக் கழுவினாள், கைகளைத் தடவித் தடவி ஊற்றினாள். அவ்வளவு நல்ல தண்ணீர் ஒரு ஆளின் மேல் ஓடுவதை நாங்கள் கண்டு எவ்வளவு காலம். வழிந்து விழுந்ததை மணல் உடனே உறிஞ்சிக்கொண்டது. சீலை பிடித்திருந்தவர்கள் எல்லாரும் மணலைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த நேரத்தில் கட்டார்த் தம்பியின் பெண்சாதி சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மகளின் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அக்கா… குடத்தில மிச்சம் கிடக்கிறத நான் எடுக்கட்டா? புள்ளைக்கு மாக் கரைக்க ஒரு சொட்டும் இல்ல."

பிரேதத்துக்கென்று எடுத்த தண்ணீர் மிஞ்சினால் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வளவிலேயே ஊற்றிக் குடத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சீலை பிடித்திருந்த பெண்கள் காது கேளாதவர்கள் மாதிரி நின்றார்கள். மகள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு தாயின் முகத்தையே பார்த்தாள். இவளாவது ஏதாவது சொல்ல மாட்டாளா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடு" என்றாள் மகள்.

வந்தவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படலையைத் தாண்டிப் போனாள். மாமியின் காலுக்கு இன்னும் ஊற்றியிருக்கவில்லை. கிணற்று உவர்த் தண்ணீர் கிடந்த பேசினை இழுத்து, அதில் அள்ளி ஊற்றிக் காலைக் கழுவினோம்.